மரம், வள்ளம், போட்

கரமனையில் கடல் தெரியாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலை ஆற்றைத் தாண்டுகிற இடம் அது. 1853-இல் ஹார்ஸ்லி என்ற பொறியாளரின் மேற்பார்வையில் எழுந்த பாலம், கரையோர அக்ரகாரம், தமிழில் தொடங்கிய பேச்சை மலையாளத்தில் முடிக்கும் வீடுகள் என்று ஊருக்கு அடையாளங்கள் உண்டு. அவற்றில் படகு இல்லை. அகத்தியமலைப் பக்கம் பிறந்து 68 கிலோமீட்டர் ஓடிவரும் கரமனையாறு, திருவல்லம் அருகே கிள்ளியாற்றைச் சேர்த்துக்கொண்டு பனத்துறையில் கடலில் விழுகிறது. பூந்துறையும் விழிஞ்ஞமும் அந்தப் பக்கத்தில்தான். ஆனால் கரமனைச் சந்தியில் நிற்பவருக்கு அலைச் சத்தம் கேட்காது, பேருந்துச் சத்தம்தான்.

இருந்தும் கேரளத்துச் சிறுதொழில் மீனவர்களின் படகுகளை வகைவகையாக எண்ணிய ஒரு கணக்கு இந்த ஊர் விலாசத்திலிருந்துதான் வெளிவந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீனவர் வாயில் 'சிஃப்ஸ்', 1980-இல் உருவானது. கிராமச் சங்கம், அதற்கு மேல் மாவட்டக் கூட்டமைப்பு, அதற்கும் மேல் இது என்று மூன்றடுக்கு. தலைமை அலுவலகம் கரமனையில். மீனை ஏலம் விட்டுக் கொடுப்பது, கடன் கொடுப்பது, படகு கட்டிக் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. 1998-இல் அது கேரளக் கரை முழுவதும் ஆளனுப்பிச் சிறுதொழில் படகுகளைக் கணக்கெடுத்தது.

படகை எண்ணப் போகிறவருக்கு முதல் சிக்கல் எண்ணில் வராது, பெயரில் வரும். ஒரு கரையில் தோணி என்பதை அடுத்த கரையில் வஞ்சி என்பார்கள். வள்ளம் என்று காட்டப்படுவது ஒரே மரத்தைக் குடைந்ததாக இருக்கலாம், பலகை சேர்த்ததாக இருக்கலாம், ஒட்டுப்பலகையில் செய்ததாகவும் இருக்கலாம். எதை எதோடு சேர்ப்பது? இந்தக் கரையின் படகுச் சொற்களைப் பின்தொடர்ந்தால் ஒன்று புலப்படும். பெயர் மரத்தையோ வடிவத்தையோ நம்பி நிற்பதில்லை. தொழிலை நம்பி நிற்கிறது. மரம் மாறும், வடிவம் மாறும், எஞ்சின் ஏறும், பெயர் அசையாது. சில சமயம் அப்படி அசையாமல் இருப்பதில் பெரிய லாபமும் உண்டு.

மரத்திலிருந்து தொடங்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கரையில் கட்டுமரத்தை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை, 'மரம்' என்றால் போதும். எடை குறைந்த மரத்தில் செதுக்கிய நாலைந்து கட்டைகள். முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு பக்கமும் குறுக்குக்கட்டை வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். ஆணி கிடையாது. கட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வரும், வந்த வழியே போகும். அதனால் இறைத்துக் கொட்டும் வேலை இல்லை; ஏறியவர் இடுப்புவரை நனைந்தபடியே இருப்பார். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே தோளில் தூக்கி மணல்மேட்டில் காயப்போட வேண்டும். காயாத கட்டை நீரைக் குடித்துக் கனத்துப்போகும். மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டு. எந்தக் கட்டை நடுவில், எது ஓரத்தில் என்பதில் மாற்றம் கிடையாது. தினமும் கட்டி தினமும் அவிழ்ப்பதால்தான் அது கட்டுமரம்.

இந்தக் கரைக்கு மரம் ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் காரணம் அலைதான். விழிஞ்ஞம் போன்ற ஓரிரு இடத்தை விட்டால் இயற்கையாக ஒதுங்க இடமில்லை. மழைக்காலத்தில் கரையை ஒட்டி உடையும் அலை, உட்குழிவான எந்தப் படகையும் நிரப்பிவிடும். நிரம்ப இடமே இல்லாத படகுதான் அங்கே பிழைக்கும். கொல்லத்துக்கு வடக்கே கடல் சற்றுச் சாந்தமாகும் இடங்களில் குடைவள்ளம் வந்துவிடுகிறது, மரம் அருகிப்போகிறது. படகு வகையின் எல்லையைச் சாதியோ மொழியோ வகுப்பதற்கு முன்பே அலை வகுத்துவிட்டது.

இந்தச் சொல் உலகம் சுற்றிய கதை பலரும் சொல்வதுதான். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அதே பெயரில் எழுதினார். பிறகு நடந்தவை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1804 அக்டோபரில் நெப்போலியனின் படகுக் கூட்டத்தை பூலோன் துறைமுகத்தில் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளை பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்டது. அவற்றுக்கும் 'கேட்டமரான்' என்றுதான் பெயர். 1876-இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பந்தயப் படகை ஓட்டிக்காட்டிய பிறகு சொல் அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்று உலகத் துறைமுகங்களில் கேட்டமரான் என்றால் இரண்டு உடல்களைத் தளத்தால் இணைத்த படகு. அதற்கு முன்னோர் பசிபிக் தீவுகளின் இரட்டைப் படகுகள். நம் கரைக்கும் அதற்கும் நேர் உறவில்லை. 'உலகுக்குக் கட்டுமரம் தந்தோம்' என்று மேடையில் சொல்பவர் இதைக் கவனிப்பது நல்லது. போனது பெயர், பொருள் கரையிலேயே இருந்துவிட்டது.

அதற்காக வெள்ளைக்காரனைக் கேலி செய்யவும் முடியாது. சுனாமிக்குப் பிந்திய தமிழகக் கரையில் 'பைபர் கட்டுமரம்' ஓடுகிறது. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

வள்ளத்தின் கதை இன்னும் நீளம். தொடக்கத்தில் அது ஒரே மரத்தைக் குடைந்தது. மாமரம், அல்லது மலையாளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் அயினி. கொடுங்ஙல்லூருக்கு அருகே பட்டணம் அகழாய்வில் 2007-இல் கிடைத்த சுமார் ஆறு மீட்டர் நீளக் குடைவள்ளமும் அயினி மரம்தான். ஈராயிரம் ஆண்டுப் பழையது. மரம் பெருத்த மலைநாட்டுக் கரையில் குடைந்த வள்ளங்கள் கிழக்குக் கரைக்கும் இலங்கைக்கும் விலைக்குப் போயின. சென்னை மாகாண மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹோர்னெல், இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றி 1920-இல் எழுதிய ஆய்வில் இவற்றையெல்லாம் வகைப்படுத்திப் பார்த்தார். ஆராய்ச்சிக்காரர்கள் கோயிலையும் கல்வெட்டையும் தேடி அலைந்த காலத்தில் படகின் அடிப்பலகையைக் குனிந்து பார்த்தவர் அவர். அவருடைய இனக்கலப்புக் கொள்கைகள் பலவும் இன்று நிற்காது. கண்ணால் கண்டு எழுதியவை நிற்கின்றன.

பெரிய மரம் குறையக் குறைய வள்ளம் பலகைக்கு மாறியது. பலகையை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை, கயிற்றால் தைத்தார்கள். விளிம்பில் துளையிட்டு, இடுக்கில் தேங்காய் நார் அடைத்து, கயிற்றை உள்ளும் புறமுமாக ஓட்டி இறுக்குவது முறை. கெட்டுவள்ளத்தில் இருக்கும் 'கெட்டு' நம் கட்டுதான். இன்று ஆலப்புழைக் காயலில் குளிர்சாதன அறையோடு மிதக்கும் கெட்டுவள்ளம் ஒருகாலத்தில் நெல்லும் கொப்பரையும் ஏற்றிய சரக்குப் படகு. திருவனந்தபுரத்துக்கும் அது வந்தது. ராணி கௌரி பார்வதி பாயி காலத்தில் வெட்டிய பார்வதி புத்தனாறு என்ற கால்வாய் வழியே வந்து, சாலைக் கடைத்தெருவுக்கான சரக்கை இறக்கிய துறைக்கு வள்ளக்கடவு என்று பெயர். இப்போது அங்கே வள்ளமும் வராது, சரக்கும் வராது. கால்வாயில் ஆகாயத்தாமரை. நகரப் பேருந்தின் பலகையில் மட்டும் வள்ளம் போய்வருகிறது.

1970-களின் கடைசியில் கடற்கரைத் தொழிலுக்கே மரம் கிடைப்பது கஷ்டமானது. கட்டுமரத்துக்கு வேண்டிய மெல்லிய மரத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் ஒரு படகுக் கூடம் வைத்து மாற்று தேடியது. பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜியே அங்கே மீனவர்களோடு உழைத்து, ஒட்டுப்பலகையில், அதாவது ப்ளைவுட்டில், அலையைத் தாண்டக்கூடிய படகுகளைச் செய்து பார்த்தார். ஒன்று சரிவராமல் இன்னொன்று, அதுவும் பிடிக்காமல் வேறொன்று என்று போன அனுபவத்தை அவர் 1985-இல் புத்தகமாக்கினார். 'சிறியது கடினம்' என்று பொருள்படும் தலைப்பு. 'சிறியதே அழகு' என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்புக்குக் கடற்கரையிலிருந்து போன பதில். வளர்ச்சித் திட்டம் போடுகிறவர்கள் தலைப்பையாவது படிக்கலாம்.

அந்தப் படகுக் கூடத்தில் நடந்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை உண்டு. ஒட்டுப்பலகைத் தாளை அளவுக்கு வெட்டி, விளிம்போரம் வரிசையாகத் துளையிடுவார்கள். இரண்டு விளிம்பையும் சேர்த்துவைத்து, துளை வழியே செப்புக்கம்பியை ஓட்டி முறுக்குவார்கள். தட்டையாகக் கிடந்த தாள்கள் இழுபட்டு எழுந்து படகின் வளைவைத் தாமே எடுத்துக்கொள்ளும். பிறகு கண்ணாடி இழை நாடாவும் பிசினும் வைத்து மூட்டை அடைத்துவிட வேண்டியது. மேல்நாட்டில் இதைத் தைத்து ஒட்டும் முறை என்கிறார்கள், 1960-களில் பிரபலமானது. நார்க்கயிறு இருந்த இடத்தில் செப்புக்கம்பி. மீனவர் அந்தப் புதுப்படகை உற்றுப் பார்த்துவிட்டு வள்ளம் என்றே கூப்பிட்டார்; குடைந்த காலத்திலும் தைத்த காலத்திலும் இருந்த பெயர் ஒட்டுப்பலகைக்கும் வந்தது, பின்னால் பைபருக்கும் வந்தது. சிஃப்ஸ் கூடங்களில் இப்படி உருவான வள்ளங்களோடு அவுட்போர்டு எஞ்சினும் சேர்ந்து திருவனந்தபுரக் கரையில் மரத்தைப் பின்னுக்குத் தள்ளின.

எஞ்சின் வந்தபோது புதுப்பெயர் ஒன்று பிறந்தது உண்மை. பழைய வள்ளத்தின் பின்முனை கூர்மையானது, அதில் எஞ்சினை மாட்ட முடியாது. அந்தக் கூர்முனையை வெட்டித் தட்டையாக்கினார்கள். அதற்கு 'மூடுவெட்டி' என்று பெயர். மூடு என்றால் அடிப்பாகம், பின்பாகம். குமரி மாவட்டத்தில் விளக்கம் தேவையில்லை. கேலியும் தொழில்நுட்பமும் சேர்ந்த பெயர், எந்த அகராதிக் குழுவும் உட்கார்ந்து யோசித்தால் வராது. மற்றபடி கரையில் வள்ளத்துக்குப் பெயர் வலையிலிருந்து வருகிறது. கம்பவலை கொண்டு போவது கம்பவள்ளம், தங்குவலை வீசுவது தங்குவள்ளம். சுற்றி வளைக்கும் ரிங் வலைத் தொழிலில் பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டு வருவது காரியர் வள்ளம். அதே உடலுள்ள படகு வலை மாறினால் பெயர் மாறும்.

இந்தக் கண்ணோடு பழைய இலக்கியத்தைப் பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. கலம், நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, தோணி, புணை என்று சங்கப் பாடல்களில் சொற்கள் ஏராளம். பின்னால் வந்த நிகண்டுகள் இவற்றை மரக்கலத்தின் பெயர் என்று ஒரே வரிசையில் கட்டிவைத்தன. கவிஞனுக்கு எதுகை தேட உதவும். படகு தேடுபவருக்கு உதவாது. இன்றைய மேடைப் பேச்சும் நிகண்டு வழிதான்: எத்தனை சொல் என்று எண்ணுகிறது, எது எங்கே போனது என்று கேட்பதில்லை. பாடல்களுக்கு அது தெரிந்திருக்கிறது. பரதவர் ஆழ்கடலுக்குப் போவது திமிலில். பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல் ஏற்றி வருவது பஃறி. முசிறியைச் சொல்லும் 343-ஆம் புறப்பாட்டில் மீன் விற்ற நெல் குவிவது அம்பியில்; கலத்தில் வந்த பொன்னைக் கரைக்குக் கொண்டு சேர்ப்பது கழியில் ஓடும் தோணி. பெரிய கலம் ஆழத்தில் நிற்க, ஆழமில்லாத கழியில் சிறு தோணி ஓடுகிறது. ஒரே பாட்டில் மூன்று படகு, மூன்று வேலை.

அந்தத் தோணி பின்னாளில் வளர்ந்து பெரிதானது. தூத்துக்குடியில் தோணி என்றால் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றும் மரக்கப்பல். ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் அந்த உலகத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. மாலத்தீவில் தோனி என்றால் அன்றாடப் போக்குவரத்துப் படகு. மலாய் மொழியில் எந்தக் கப்பலும் கபால், அது தமிழிலிருந்து போனது. கப்பல் கட்டுவதில் பேர்பெற்ற யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உருவான 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, பெயரை மாற்றி ஓட்டிச் சென்றார். அது 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது.

கட்டுமரத்தைவிட வியப்பான பயணம் சங்காடத்துக்கு. இரண்டு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கமாகக் கட்டி மேலே பலகைத் தளம் போட்டால் தமிழில் சங்காடம், மலையாளத்தில் சங்ஙாடம். முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கிழக்குக் கரைப்பக்கம் ஒரே மரத்துப் படகுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்களை 'சங்கர' என்கிறது. இதோடு உறவாக இருக்கலாம். போர்ச்சுக்கீசியர் மலையாளச் சொல்லை ஜங்கட என்று எடுத்துக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். பிரேசிலின் வடகிழக்குக் கரையில் கட்டைகளைச் சேர்த்துப் பாய் விரித்து மீன்பிடிக்கும் படகு இன்றும் ஜங்கடதான். 1881-இல் ஃபோர்த்தலேசா நகரின் ஜங்கடக்காரர்கள், அடிமைகளைக் கப்பலில் ஏற்றிவிட மாட்டோம் என்று மறுத்து நின்றார்கள்; பிரேசிலின் அடிமை ஒழிப்பு வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சி. போன சொல் போர்ச்சுக்கீசியச் சாயலோடு கேரளத்துக்குத் திரும்பியும் வந்தது போலிருக்கிறது. காரையும் லாரியையும் ஏற்றி இக்கரை அக்கரை சேர்க்கும் இரும்புத் தளத்துக்குக் கொச்சியில் பெயர் ஜங்கார்.

கடைசியாக வந்தது 'போட்'. ஆங்கிலத்தில் எல்லாப் படகும் போட்தான். கேரளக் கரையில் அப்படி இல்லை. 1952-இல் ஒப்பந்தமாகி மறு ஆண்டு கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், எஞ்சினை உள்ளேயே பொருத்திய புதுப் படகுகளைக் கொண்டுவந்தது. றால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் அவை கடலடியை வாரும் இழுவலைப் படகுகளாகப் பெருகின. அன்றிலிருந்து கரையில் இரண்டு கட்சி: வள்ளக்காரர், போட்டுக்காரர். வலை அறுந்தது, மீன்குஞ்சு அழிந்தது என்று சண்டை முற்றி, 1980-இல் கேரளம் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 1988-இலிருந்து மழைக்கால இழுவலைத் தடை. இப்போது அது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். நீரோடி எல்லையைத் தாண்டித் தமிழகத்துக்குள் வந்தால் குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1-இலிருந்தே தொடங்கி 61 நாள். இரண்டு பக்கத்திலும் போட் கட்டிக் கிடக்கும், வள்ளம் போகலாம்.

அரசாங்கத்துக்கு இந்தச் சொற்களோடு பெரிய உறவில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீன்பிடிப் படகு எல்லாவற்றுக்கும் பதிவெண் இறுக்கமானது. முகப்பில் பெயிண்டால் எழுதிய நீண்ட எண்ணின் நடுவே இரண்டு எழுத்து வரும்: உள்ளே எஞ்சின் வைத்துக் கட்டியதற்கு எம்.எம்., வெளியே மாட்டியதற்கு எம்.ஓ., எஞ்சினே இல்லாததற்கு என்.எம். பைபர் வள்ளமும் மூடுவெட்டியும் எஞ்சின் மாட்டிய மரமும் எம்.ஓ. என்ற ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். கரமனைக் கணக்கு தனித்தனியே பிரித்து எழுதியதை இது மறுபடி கொட்டிக் கலக்கிவிட்டது. 2017 ஒக்கி புயலுக்குப் பின் பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர் கரைகளில் காணாமற்போனவர்களைத் தேடியபோது, யார் எதில் போனார் என்பதே முதல் கேள்வி. அவுட்போர்டு வள்ளத்தில் போனவர் ஓரிரு நாளில் திரும்ப வேண்டியவர். தூத்தூர்க்காரரின் ஆழ்கடல் போட்டோ வாரக்கணக்கில் வெளியே நிற்பது. தேட வேண்டிய தூரம் படகின் பெயரிலேயே இருந்தது.

பெயரால் லாபம் பெறுபவர்கள் கரையின் நடுப்பகுதியில் இருக்கிறார்கள். ஆலப்புழை முதல் வடக்கே ரிங் வலைத் தொழில் செய்யும் வள்ளங்கள் ஆண்டுக்கு ஆண்டு நீண்டன. அவுட்போர்டு எஞ்சின் போதாமல் உள்ளேயே பெரிய எஞ்சின் வைத்தார்கள். முப்பது நாற்பது பேர் ஏறும் இந்தப் படகு பல இழுவலைப் போட்டுகளைவிடப் பெரிது. ஆனால் அது இன்போர்டு வள்ளம். வலை சுற்றுவலை, தொழிலாளர் பழைய வள்ளக்காரர், பங்கு பிரிக்கும் முறையும் பழையது. ஆகவே தடைக்காலத்தில் அது கடலுக்குப் போகலாம். இதென்ன நியாயம் என்று போட்டுக்காரர் கேட்கிறார், கேட்பதில் அர்த்தமும் இருக்கிறது. மீன்துறை அதை வள்ளமில்லை என்று சொல்லத் துணியவில்லை; பதிலாக ஒரு நிபந்தனை போட்டது. ஜூன் பிறக்கும்போது வரும் தடை அறிவிப்பில் அது தவறாமல் இருக்கும்: இன்போர்டு வள்ளம் ஒன்றுக்குக் காரியர் வள்ளம் ஒன்று மட்டும்.